என்வேசர் மியூனிக்கிற்குப் போயிருக்க வேண்டுமா? கியூரேட்டர் இயக்குநர் ஆகும்போது நடப்பது

கோட்டுச்சித்திரம்

ஜெர்மனியின் காஸல் நகரத்தில் நடக்கும் டாக்குமெண்டா, இத்தாலியின் வெனிஸ் பினாலே என்ற இரண்டு மாபெரும் கலைக் கண்காட்சிகளையும் நடத்திய கியூரேட்டர்கள் (கண்காட்சியைத் திட்டமிட்டு உருவாக்குபவர்கள்) இருவர்தான். முதலாமவர் சுவிட்சர்லாந்தின் ஹாரல்ட் ஸீமன். அடுத்தவர் நைஜீரியாவில் பிறந்த ஒக்வுயி என்வேசர். இந்த இழை என்வேசரைப் பற்றி, குறிப்பாக அவருடைய கடைசி வேலையைப் பற்றி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1963-இல் கலபாரில் பிறந்தவர். 1982-இல் அமெரிக்காவுக்குப் போய் ஜெர்சி சிட்டியில் அரசியல் அறிவியல் படித்தார். கலை வரலாற்றில் பட்டம் கிடையாது. நியூயார்க்கில் கவிதை வாசித்துக்கொண்டிருந்தவர், 1994-இல் நண்பர்களோடு சேர்ந்து ‘என்கா’ என்ற ஆப்பிரிக்கச் சமகாலக் கலை இதழைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க ஒளிப்படக் கலைஞர்கள் முப்பது பேரைக் காட்டிய குழுவில் இருந்தார். 1997-இல் இரண்டாவது ஜோகன்னஸ்பர்க் பினாலே. 2002-இல் பதினோராவது டாக்குமெண்டா. அந்தப் பொறுப்புக்கு வந்த ஐரோப்பியர் அல்லாத முதல் ஆள் அவர்தான்.

இதுவரை மேலேறும் கதை. 2011-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் உள்ள ஹவுஸ் டெர் குன்ஸ்ட் என்ற கலை அருங்காட்சியகத்துக்கு இயக்குநராகப் போனார். 2018 ஜூனில், ஒப்பந்தம் 2021 வரை இருந்தும், உடல்நிலை காரணமாக விலகினார். அந்த நேரத்தில் நிறுவனத்தில் பணப் பற்றாக்குறை, பணியாளர் நிர்வாகம் பற்றிய சர்ச்சை எல்லாம் பத்திரிகைகளில் ஓடிக்கொண்டிருந்தன. 2019 மார்ச் 15-இல் புற்றுநோயால் இறந்தார். வயது 55.

என் கருத்து இதுதான்: அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே கூடாது. கண்காட்சி உருவாக்குவது ஒரு கலை, அருங்காட்சியகம் நடத்துவது வேறொரு தொழில். முதலாவதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. இரண்டாவது அவரைத் தின்றது. ஏழு ஆண்டுகளைக் கூரை ஒழுகலுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் கொடுத்தார். மறுப்பவர்கள் வரலாம்.

---

உப்புமூட்டை

எனக்குத் தெரிந்து கியூரேட்டர் வேலை என்பது படைப்புக்குப் பக்கத்தில் மாட்ட யாருக்கும் புரியாத சுவர்க்குறிப்பு எழுதுவது. இயக்குநர் வேலை என்பது அது புரிந்ததுபோல் அமைச்சரிடம் நடிப்பது. இரண்டையும் ஒருவரே செய்தால் செலவு மிச்சம்.

---

பெட்டிதிறப்பவள்

மறுக்கிறேன்.

நான் ஓர் அருங்காட்சியகத்தில் பதிவாளர். கலைப்பொருள் வரும்போதும் போகும்போதும் பெட்டியருகே நிற்பவள். என் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரி தெரியும்.

பினாலே என்றால் என்ன? ஒருவரை நியமிப்பார்கள், பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கும் குறைவான அவகாசம், கலைஞர்களிடமிருந்து புதுப் படைப்புகள் கேட்கலாம், முடிந்ததும் எல்லாரும் கலைந்து போவார்கள். 1945-க்கும் 1965-க்கும் இடைப்பட்ட உலகக் கலையை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவர வேண்டுமானால் அந்த முறை உதவாது. அந்த ஓவியங்கள் எல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவரின் சுவரில் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் கடிதம் எழுத வேண்டும். கொடுக்கும் அருங்காட்சியகம் முதலில் கேட்பது உங்கள் கட்டடத்தைப் பற்றிய அறிக்கை: ஈரப்பதம் எவ்வளவு, அது ஒரு நாளில் எவ்வளவு ஏறி இறங்கும், காவல் எப்படி, தீயணைப்பு எப்படி, பெட்டி எந்தக் கதவு வழியாக உள்ளே வரும். காகிதத்தில் வரைந்தது என்றால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் கூடாது என்பார்கள். அப்புறம் காப்பீடு. அப்புறம் கூடவே வரும் அவர்கள் ஆளுக்கு விமானச் சீட்டு, தங்குமிடம். பெட்டி வந்து சேர்ந்தாலும் உடனே திறக்க முடியாது. ஒரு நாள் முழுக்க அந்த அறையின் காற்றுக்குப் பழக விட வேண்டும். திறந்ததும் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு விரிசலையும் பழைய அறிக்கையோடு ஒப்பிட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.

2016 அக்டோபரில் மியூனிக்கில் திறந்த ‘போருக்குப் பிந்தைய காலம்’ கண்காட்சியில் 65 நாடுகளைச் சேர்ந்த 218 கலைஞர்களின் சுமார் 350 படைப்புகள் இருந்தன. மேலே நான் சொன்ன வேலையை 350-ஆல் பெருக்கிப் பாருங்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் தனிக் கியூரேட்டர் இதைச் செய்யவே முடியாது. முகவரியும், கடிதத்தலைப்பும், நிரந்தர ஊழியர்களும், பல ஆண்டு அவகாசமும் தேவை. அந்தக் கண்காட்சிக்காகத்தான் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று நான் நினைக்கிறேன். நாற்காலி இல்லையென்றால் அது இல்லை.

---

தெற்குச்சாளரம்

பெட்டிதிறப்பவள் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கட்டடத்தையும் கவனியுங்கள். ஹவுஸ் டெர் குன்ஸ்ட் 1937-இல் ஹிட்லர் திறந்துவைத்தது. நாஜிகள் ‘மாபெரும் ஜெர்மன் கலை’ என்று எதைக் கருதினார்களோ அதைக் காட்டக் கட்டிய மாளிகை. அடுத்த நாளே, அதே நகரத்தில், சற்றுத் தள்ளி, நவீன ஓவியங்களைக் கேலி செய்து ‘சீர்கெட்ட கலை’ என்ற கண்காட்சியைத் திறந்தார்கள். போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவ அதிகாரிகளின் மனமகிழ் மன்றமாக இருந்தது. 1955-இல் பிக்காசோவின் குவெர்னிக்கா அங்கே தொங்கியது.

அந்தத் தூண்களுக்கு நடுவே ஒரு நைஜீரியர் இயக்குநராக நடந்துவருகிறார். வந்து ஒரு வருடத்திற்குள் அந்தக் கட்டடத்தின் சொந்த வரலாற்றையே கண்காட்சியாக்கினார். 2014-இல் அதன் ஆவணங்களுக்கு நிரந்தரமாக ஓர் அறை ஒதுக்கினார். மற்றவர்கள் கூச்சத்தோடு கடந்துபோன விஷயம் அது. இதைக் கூரை ஒழுகலோடும் சம்பளப் பட்டியலோடும் சேர்த்துத் தள்ளிவிட முடியாது, கோட்டுச்சித்திரம்.

இன்னொன்று, நம் பக்கத்து ஆட்களுக்கு நினைவிருக்க வேண்டியது. அவருடைய டாக்குமெண்டா காஸல் நகரத்தில் மட்டும் நடக்கவில்லை. கண்காட்சிக்கு முன்பே, 2001 மார்ச் முதல், ‘மேடைகள்’ என்று பெயரிட்டுப் பொது விவாதங்கள் நடத்தினார். மக்களாட்சி பற்றி வியன்னாவிலும் பெர்லினிலும். உண்மை, நல்லிணக்கம், நீதி பற்றிப் புதுதில்லியில். பல இனங்கள் கலந்து உருவான கிரியோல் பண்பாடு பற்றி செயின்ட் லூசியா தீவில். நான்கு ஆப்பிரிக்க நகரங்கள் பற்றி லாகோஸில். காஸல் கண்காட்சி ஐந்தாவது மேடை, அவ்வளவே. அதில் இந்தியக் கலைஞர்களான ராக்ஸ் மீடியா குழு, அமர் கன்வர், ரவி அகர்வால் எல்லாரும் இருந்தார்கள். அவரோடு சேர்ந்து பணியாற்றிய ஆறு கியூரேட்டர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்க இந்தியரான சரத் மகாராஜ்.

---

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி. ஆனால் இந்த இழையில் யாரும் பணத்தைத் தொடவில்லை. நான் கலை ஆள் இல்லை, தணிக்கை ஆள். அதனால் கேட்கிறேன்.

350 படைப்புகள், 65 நாடுகள் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். யார் கட்டினார்கள்? ஹவுஸ் டெர் குன்ஸ்ட்டுக்குச் சொந்தச் சேகரிப்பு கிடையாது. சேகரிப்பு உள்ள அருங்காட்சியகம் கஷ்ட காலத்தில் தன் கிடங்கிலிருந்து எடுத்து மாட்டிக் காலத்தை ஓட்டலாம். மற்றவர்களுக்குப் படைப்புகளை இரவல் கொடுத்து, பதிலுக்கு இரவல் வாங்கலாம். இவர்களிடம் மாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. காட்டும் ஒவ்வொரு பொருளும் வெளியிலிருந்து, செலவு செய்து வர வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் மாபெரும் கண்காட்சிகளை வரிசையாகத் திட்டமிட்டால் கல்லாப்பெட்டி என்ன ஆகும் என்று கணிக்கத் தணிக்கையாளர் தேவையில்லை.

ஜோகன்னஸ்பர்க்கிலும் இதேதான். பினாலே பணமில்லாமல் குறித்த தேதிக்கு முன்பே மூடப்பட்டது. மூன்றாவது பினாலே நடக்கவே இல்லை. அந்த நகராட்சியின் கஷ்டத்துக்கு என்வேசர் பொறுப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தொடர்ச்சி தெரிகிறதா இல்லையா?

---

கோட்டுச்சித்திரம்

> ஆனால் ஒரு தொடர்ச்சி தெரிகிறதா இல்லையா?

தெரிகிறது, ஆனால் அவரிடம் மட்டும் இல்லை. ஸீமனின் 1972 டாக்குமெண்டாவும் பெரிய பற்றாக்குறையில்தான் முடிந்தது. இந்த வகை ஆட்களுக்கு எல்லை தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கண்காட்சிகளை நாம் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஸீமன் கதை என் வாதத்துக்கே உதவுகிறது. 1961-இல், 28 வயதில், பெர்ன் நகரக் குன்ஸ்ட்ஹாலே என்ற கலைக்கூடத்துக்கு இயக்குநர். எட்டு ஆண்டு ஒழுங்காக நடத்தினார். 1969 மார்ச்சில் ‘மனப்பாங்குகள் வடிவமாகும்போது’ கண்காட்சி. மைக்கேல் ஹெய்சர் இடிப்புக் குண்டால் வாசல் நடைபாதையை உடைத்தார். லாரன்ஸ் வீனர் சுவரில் ஒரு சதுரம் காரையைப் பெயர்த்தெடுத்தார், அதுதான் படைப்பு. ஜோசஃப் பாய்ஸ் அறை மூலையில் கொழுப்பைப் பூசினார். அழைக்கப்படாத டேனியல் பூரன் தானாகவே வந்து நகரச் சுவர்களில் கோடு போட்ட தாள்களை ஒட்டிக் கைதானார். ஊரே கொதித்தது. அடுத்து பாய்ஸின் தனிக் கண்காட்சியை நடத்த நினைத்தார், குழு மறுத்தது, ஸீமன் வேலையை விட்டார்.

விட்ட பிறகுதான் அவர் பெரிய ஆளானார். ‘அறிவுசார் விருந்தினர் உழைப்புக்கான முகமை’ என்று ஒரு பெயர்ப்பலகை வைத்துக்கொண்டார். அந்த நிறுவனத்தின் ஒரே ஊழியர் அவரே. 1974-இல் தன் பெர்ன் வீட்டிலேயே, முடிதிருத்துபவரான தன் தாத்தாவின் பொருள்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார். அதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவைப்படவில்லை. நிறுவனத்திலிருந்து வெளியே வந்தவர் வளர்ந்தார், உள்ளே போனவர் நசுங்கினார்.

---

பெட்டிதிறப்பவள்

உங்கள் வசதிக்கு ஸீமனை வைத்துக்கொண்டீர்கள். மார்சியா டக்கரை ஏன் விட்டீர்கள்?

1969 முதல் விட்னி அருங்காட்சியகத்தில் கியூரேட்டர். 1975-இல் ரிச்சர்ட் டட்டில் கண்காட்சி. சுவரில் ஒரு சிறு கம்பித் துண்டு, அதன் நிழல், ஒரு பென்சில் கோடு, இப்படியான படைப்புகள். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வேலை போனது. அவர் தனி ஆளாகத் திரியவில்லை. 1977 ஜனவரி முதல் தேதி ‘நியூ மியூசியம்’ தொடங்கினார். அதாவது நிறுவனம் பிடிக்காமல் வெளியே வந்தவர் செய்த முதல் காரியம் இன்னொரு நிறுவனம் கட்டியது. 1999 வரை, 22 ஆண்டுகள் அவரே இயக்குநர்.

அதையும் எப்படி நடத்தினார் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்று முயன்று பார்த்தார். வேலைகளை மாற்றி மாற்றிச் செய்ய வைத்தார். சேகரிப்பு நிரந்தரமாக இருந்தால் அருங்காட்சியகம் பழையதாகிவிடும் என்று, வாங்கிய படைப்புகளைச் சில ஆண்டு வைத்திருந்து பிறகு விற்றுப் புதிது வாங்கும் ‘பாதி நிரந்தர’ச் சேகரிப்பை யோசித்தார். சிலது வேலை செய்தது, பலது செய்யவில்லை. அப்படிக் கேட்டால் எந்த இயக்குநருக்கும் அதே கணக்குதான். ஆனால் சம்பளப் பட்டியலும் கியூரேட்டர் மூளையால் யோசிக்கக்கூடிய பொருள்தான் என்று காட்டினார். நீங்கள் அதைக் கூரை ஒழுகலோடு சேர்த்துவிட்டீர்கள்.

---

முதலாண்டு

வணக்கம். நான் முதலாமாண்டு நுண்கலை மாணவி. இங்கே பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கியூரேட்டர் ஆக வேண்டும் என்று ஆசை. நான் பார்த்த வேலை விளம்பரம் எல்லாவற்றிலும் கலை வரலாற்றில் முதுகலை, முடிந்தால் முனைவர் பட்டம் என்று இருக்கிறது. ஆனால் என்வேசர் அரசியல் அறிவியல் என்கிறீர்கள். அப்படியானால் என்ன படிப்பது?

---

தெற்குச்சாளரம்

முதலாண்டு, தாராளமாக வாருங்கள். ஒரு காலத்துக் கதவு இன்று அதே அகலத்தில் திறந்திருக்காது, அதை மனதில் வையுங்கள். ஆனால் அவர் வந்த வழியைக் கவனிக்கலாம். வேலைக்கு விண்ணப்பம் போடவில்லை. இதழ் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஆப்பிரிக்கச் சமகாலக் கலை பற்றித் தீவிரமாக எழுத இடமே இல்லை. அந்த இடத்தை உண்டாக்கிவிட்டு, அதில் யார் எழுதுகிறார்கள், யார் படம் எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய அருங்காட்சியகத்துக்குத் தேவைப்பட்டபோது தகவல் இவரிடம் இருந்தது. சேய்டூ கைட்டா, சாமுவேல் ஃபோஸோ போன்ற ஒளிப்படக் கலைஞர்களைப் பல பார்வையாளர்கள் அங்கேதான் முதன்முதலில் பார்த்தார்கள்.

கோயோ கூவோவையும் பாருங்கள். கேமரூனில் பிறந்து சூரிச்சில் வளர்ந்தவர், படித்தது வணிக நிர்வாகமும் வங்கியியலும். டகாரில் ‘ரா மெட்டீரியல் கம்பெனி’ என்ற கலை மையத்தைத் தொடங்கி நடத்தினார். 2019-இல் கேப்டவுனின் ஸைட்ஸ் மோக்கா அருங்காட்சியகத்துக்குத் தலைமை ஏற்றார்.

---

கணக்குப்பிள்ளை

கூவோ பெயரை எடுத்ததற்கு நன்றி. அவர்தான் இந்த இழைக்குத் தேவைப்பட்ட ஆள்.

ஸைட்ஸ் மோக்காவை 2017-இல் பழைய தானியக் களஞ்சியத்தைக் குடைந்து பிரமாதமாகத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே முதல் இயக்குநர் இடைநீக்கம் ஆகி, பிறகு விலகினார். கட்டடம் இருக்கிறது, நம்பிக்கை போய்விட்டது. அந்த நிலையில் கூவோ வருகிறார். சில மாதத்திலேயே பெருந்தொற்று. அவர் அங்கிருந்து என்ன செய்தார்? 2022-இல் கறுப்பின ஓவியர்கள் கறுப்பின மக்களை வரைந்த நூறாண்டுக் கால உருவ ஓவியங்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி. அது பாசெல், பிரஸ்ஸல்ஸ் என்று பயணமும் போனது. போகும் இடங்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளும், தணிக்கையாளன் கண்ணுக்கு இது இனிப்பு. வங்கியியல் படித்தவர் கியூரேட்டராக இருப்பதில் ஒரு பயன் இருக்கத்தான் செய்கிறது.

கோட்டுச்சித்திரத்தின் ‘இரண்டு தொழில்’ கொள்கை இங்கே உடைகிறது. 2024 டிசம்பரில் வெனிஸ் பினாலேவுக்கும் அவரை அறிவித்தார்கள், ஆப்பிரிக்கப் பெண்களில் முதல் ஆள். 2025 மே மாதம் இறந்துவிட்டார். அவர் எழுதிவைத்த திட்டப்படியே நடத்துவதென்று பினாலே முடிவெடுத்தது.

---

கோட்டுச்சித்திரம்

கூவோ விதிவிலக்கு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர் டகாரில் நிறுவனம் நடத்திப் பழகிவிட்டு வந்தவர். வாடகை கட்டியவர். என்வேசர் நடத்தியதெல்லாம் முடிவுத் தேதி உள்ள விஷயங்கள். டாக்குமெண்டா நூறு நாள். ஆறரை லட்சம் பேர் வந்தார்கள், முடிந்தது. கலை நிறுவனம் ஒன்றில் கல்விப் பொறுப்பாளராகச் சில ஆண்டு இருந்திருக்கிறார், சரி. ஆனால் முடிவுத் தேதியே இல்லாத ஒரு வீட்டை நடத்துவது மியூனிக்கில்தான் அவருக்கு முதல்முறை.

இன்னொரு பழைய உதாரணம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு 1929-இல் முதல் இயக்குநர் ஆல்ஃபிரட் பார், வயது 27. 1943-இல் அறங்காவலர் தலைவர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். எழுதுகிறேன் என்று சொன்னதை எழுதி முடிக்கவில்லை, நிர்வாகம் சரியில்லை, அதற்கும் முந்தைய ஆண்டு ஒரு காலணி மெருகூட்டுபவர் அலங்கரித்த பெட்டியைக் காட்சிக்கு வைத்து அறங்காவலர்களைக் கடுப்பேற்றினார், இப்படிப் பல குறைகள். சம்பளத்தைக் குறைத்தார்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. நூலகத்தில் ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்து எழுதினார். 1947-இல் சேகரிப்புகளின் இயக்குநர் என்று பதவி கொடுத்தார்கள், 1967 வரை இருந்தார். உலகின் நவீனக் கலைச் சேகரிப்புகளில் முதன்மையான ஒன்று அவர் கையால் வந்தது. கட்டடத்தை வேறொருவர் பார்த்துக்கொண்டார். இதைத்தான் மியூனிக்கும் செய்திருக்க வேண்டும்.

---

தெற்குச்சாளரம்

> கட்டடத்தை வேறொருவர் பார்த்துக்கொண்டார்

மியூனிக் அதைச் செய்தது! என்வேசர் விலகும் காலத்தில் நிர்வாகத்துக்கென்று தனி இயக்குநர் வந்தார். வந்ததும் என்ன ஆனது? என்வேசர் காலத்தில் திட்டமிட்டிருந்த ஏட்ரியன் பைப்பர் கண்காட்சி ரத்து. ஜோன் ஜோனஸ் கண்காட்சி ரத்து. காரணம் பணம் என்றார்கள். அந்த இடைக்காலத்தில் அங்கே பெரிதாக நடந்தவை யோர்க் இமெண்டார்ஃப், மார்க்குஸ் லூபெர்ட்ஸ் கண்காட்சிகள். நல்ல ஓவியர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் முன்னோடிப் பெண் கலைஞர்கள் இருவர் வெளியே, ஜெர்மன் ஆண் ஓவியர்கள் இருவர் உள்ளே. பைப்பர் யார்? என்வேசரே நடத்திய 2015 வெனிஸ் பினாலேவில் சிறந்த கலைஞருக்கான தங்கச் சிங்கம் விருது வாங்கியவர்.

கணக்குப்பிள்ளை, இதற்கு என்ன சொல்வீர்கள்? கணக்குப் பார்ப்பவர் கையில் சாவியைக் கொடுத்தால் எது முதலில் வெட்டுப்படும் என்பதும் கணக்கில் வர வேண்டாமா?

---

கணக்குப்பிள்ளை

வர வேண்டும். பணமில்லை என்பது பாதி உண்மையாகவும் பாதிச் சாக்காகவும் இருக்கலாம். வெட்டும்போது எது வெட்டப்படுகிறது என்பது கலை முடிவுதான், கணக்கு முடிவு என்று வேடம் போட்டுக்கொண்டு வரும். என் தொழிலில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முதலிலேயே இரண்டு ஆளை உட்கார வைத்து, ‘உன் எல்லை இது, என் எல்லை இது’ என்று எழுதி வாங்கியிருந்தால் வெட்டவேண்டிய நிலை வந்திருக்காது. தண்ணீர் தலைக்கு மேல் போன பிறகு கொண்டுவரும் நிர்வாகி வெட்டத்தான் வருவார். இப்போது அங்கே கலைக்கு ஒருவர், நிர்வாகத்துக்கு ஒருவர் என்று நடக்கிறது. 2020-இல் வந்த கலை இயக்குநர் ஆண்ட்ரியா லிசோனி.

---

பெட்டிதிறப்பவள்

அந்த லிசோனி காலத்தில்தான், 2022-இல், ஜோன் ஜோனஸ் கண்காட்சி அதே கட்டடத்தில் நடந்தது.

அப்புறம் கோட்டுச்சித்திரம், நசுங்கினார் என்று எழுதினீர்களே, அது எனக்கு உறுத்துகிறது. அவர் கடைசியாகச் செய்த கண்காட்சி எல் அனட்சுயி என்ற சிற்பியுடையது. கலை வரலாற்றாளர் சிகா ஒகேகே-அகுலுவோடு சேர்ந்து. 2019 மார்ச் 8-இல் அதே மியூனிக்கில் தொடக்கம், ஒரு வாரத்தில் அவர் போய்விட்டார். அதன் முகப்புக்கு, நாஜிகள் நட்ட அந்தத் தூண் வரிசைக்கு மேலேயே, அச்சகத்தில் பயன்படுத்தி முடித்த அச்சுத் தகடுகளால் அனட்சுயி ஒரு போர்வை போர்த்தினார். இது நசுங்கியவர் செய்யும் வேலையா?

அனட்சுயியின் உலோகத் துணி ஒன்றை நான் கையாண்டிருக்கிறேன். அதைப் பற்றிச் சொன்னால் முதலாண்டுக்குப் பயன்படும். மதுப்புட்டி மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி, ஓரத்தில் ஓட்டை போட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்தது. ஆயிரக்கணக்கில். பெட்டியைத் திறந்தால் சுவர் அளவு படைப்பு மடித்து வைத்த நிலையில் கிடக்கும். தூக்கும்போது சலசலக்கும். ஓரங்கள் கையைக் கிழிக்கும், தடித்த கையுறை வேண்டும். தூக்கும் ஆட்கள் ஒரே மூச்சில் நகர வேண்டும், ஒருவர் முந்தினால் எங்காவது ஒரு கம்பி பட்டென்று விடும். படைப்பின் சேதத்தைச் சரிசெய்பவர் ஏணிக்குப் பக்கத்திலேயே இடுக்கியோடு நிற்பார்.

இவ்வளவுக்குப் பிறகும், எப்படித் தொங்கவிட வேண்டும் என்று வரைபடம் கிடையாது. மடிப்பு எங்கே விழ வேண்டும், எங்கே புடைக்க வேண்டும் என்பதை மாட்டுபவர்களே தீர்மானிக்கலாம் என்று கலைஞர் விட்டுவிடுகிறார். அன்று எங்கள் குழுவில் பணிமூப்பு குறைந்த பையன் ஒருவன், “இந்த இடத்தில் கொஞ்சம் தளர்த்தினால் சிவப்பு வரிசை தெரியும்” என்றான். தளர்த்தினோம். கியூரேட்டர் எட்டிப் பார்த்து, “அப்படியே விடுங்கள்” என்றார். கண்காட்சி முழுக்க அது அப்படித்தான் இருந்தது. கியூரேட்டர் செய்யும் வேலையில் பாதி இதுதான்: யார் சொல்வது சரி என்று கண்டுகொள்வது.

---

கோட்டுச்சித்திரம்

சரி, ‘நசுங்கினார்’ வேண்டாம். ஆனால் அந்தக் கண்காட்சி தொடங்கியபோது அவர் இயக்குநர் இல்லை, விலகி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நாற்காலியில் இருந்தபோதே நினைத்த திட்டம், நாற்காலியை விட்ட பிறகு நிறைவேறியது. 2021-இல் நியூ மியூசியத்தில் நடந்த ‘துயரும் குறையும்’ கண்காட்சியும் அவர் யோசித்துவைத்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இழவும் துக்கமும் பற்றியது. நண்பர்கள் நால்வர் முடித்து வைத்தார்கள். எனக்கு இன்னும் இதுதான் ஓடுகிறது: 2011-இல் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இப்படி எத்தனை வந்திருக்கும்?

---

தெற்குச்சாளரம்

வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். 2015 வெனிஸ் அவர் மியூனிக்கில் இருந்துகொண்டே செய்தது. மார்க்ஸின் மூலதனத்தை மாதக்கணக்கில் தினமும் சத்தமாக வாசிக்க ஒரு அரங்கு கட்டினார். ‘கோடீஸ்வரர்கள் படகில் வந்து இறங்கும் விழாவில் மூலதனமா’ என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் டாக்குமெண்டாவில் ‘காணொளி அதிகம், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நூறு நாள் போதாது’ என்று சலித்துக்கொண்டவர்களும் இதே வகை ஆட்கள்தான். இன்று எந்தப் பினாலேவுக்குப் போனாலும் கண்காட்சியோடு கருத்தரங்கு, வாசிப்பு, வெவ்வேறு ஊர்களில் முன்னோட்டம் எல்லாம் சடங்குபோல் நடக்கின்றன. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

---

உப்புமூட்டை

மூலதனத்தைச் சத்தமாக வாசித்ததைக் கேட்டு முடித்தவர் யாராவது இந்த மன்றத்தில் உண்டா? இருந்தால் அவருக்குத்தான் தங்கச் சிங்கம்.

---

முதலாண்டு

எல்லாருக்கும் நன்றி. ஆனால் என் கேள்விக்கு இன்னும் பாதிப் பதில்தான் வந்திருக்கிறது. இதழ் தொடங்க என்னிடம் பணம் இல்லை. நிறுவனம் தொடங்கவும் முடியாது. நாளைக் காலையில் என்ன செய்வது?

---

பெட்டிதிறப்பவள்

பட்டத்தைப் படி, விளம்பரத்தில் கேட்டால் அது வேண்டும்தான். அதோடு மூன்று காரியம் சொல்கிறேன்.

எந்தக் காட்சிக்கூடத்திலாவது மாட்டும் வேலைக்கு ஆள் தேவைப்படும், போய் நில். ஆணி எங்கே அடிப்பது, கண்மட்டம் என்றால் எந்த உயரம், இரண்டு படத்துக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டால் அவை சண்டை போடாது, இதெல்லாம் வகுப்பில் வராது. படைப்புகளை இரவல் வாங்கும் ஒப்பந்தம் ஒன்றைக் கையில் வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்துப் பார். தூங்காமல் படித்து முடித்தால் இயக்குநர் ஆகவும் தகுதி உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சுவர்க்குறிப்பு எழுது. உன் வகுப்புத் தோழர் ஒருவரின் படைப்பை எடுத்துக்கொள். எண்பது சொல். படைப்பில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்தவருக்கே திரும்பச் சொல்லாதே, தெரியாததைச் சொல். நின்றுகொண்டு, தோளில் பை தொங்க, கூடவே குழந்தை கையை இழுக்கும் ஒருவர் படித்து முடிக்க வேண்டும். எழுதி இங்கேயே போடு. நாங்கள் கிழித்துத் தருகிறோம்.

---

முதலாண்டு

போடுகிறேன் அக்கா. என் தோழி பழைய கதவுகளை வைத்து ஒன்று செய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுவேன்.

---

உப்புமூட்டை

எண்பது சொல். எண்பத்தொன்று ஆனால் கணக்குப்பிள்ளை வெட்டிவிடுவார், காரணம் பணம் என்பார்.